கட்டிலை எண்ணிவிட்டுக் கல்லூரியில் சேருங்கள்

பிளஸ் டூ முடிவுகள் வந்த மறுநாளிலிருந்து எனக்கு வருகிற போன் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "சிஸ்டர், பாப்பாவை நர்சிங் சேர்க்கலாம்னு இருக்கோம். எந்தக் காலேஜ் நல்லா இருக்கும்?" நான் திருப்பிக் கேட்பேன்: "நீங்க பார்த்து வச்சிருக்கிற காலேஜுக்குச் சொந்தமா ஆஸ்பத்திரி இருக்குதா? எத்தனை கட்டில்? கட்டில்ல நோயாளி இருக்காங்களா?" பெரும்பாலும் மறுமுனையில் பதில் வராது. கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள், பஸ் வசதியைக் கேட்டிருப்பார்கள், ஹாஸ்டல் சாப்பாட்டைக்கூட விசாரித்திருப்பார்கள். பிள்ளை நான்கு வருஷம் எங்கே நின்று கையால் வேலை பழகப் போகிறது என்பதை மட்டும் விட்டிருப்பார்கள்.

பாடத்திட்டம் எல்லாக் கல்லூரிக்கும் ஒன்றுதான், இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்தது. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. தேர்வை நடத்துவது பெரும்பாலும் கிண்டியில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். புத்தகங்களும் அநேகமாக அதே புத்தகங்கள். ஒரு கல்லூரியை இன்னொன்றிலிருந்து பிரிப்பது அதன் வார்டு மட்டுமே. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

முதலில், எந்தப் படிப்பு. தமிழ்நாட்டில் செவிலியராவதற்கு மூன்று வாசல்கள். ஏ.என்.எம். 2 வருஷம். பெண்களுக்கு மட்டும். கிராமங்களில் தாய்சேய் நலம், தடுப்பூசி பார்க்கிற கிராம சுகாதாரச் செவிலியர் வேலைக்கான பயிற்சி இது. ஜி.என்.எம். எனப்படும் டிப்ளமோ 3 வருஷம். கவுன்சில் விதிப்படி பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் ஆங்கிலத்தோடு 40 சதவீதம் இருந்தால் போதும். ஆனால் இடம் கொடுக்கும்போது அறிவியல் பிரிவுக்கு முன்னுரிமை. பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம், 8 பருவம். இதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். அறிவியல் பாடங்களில் கூட்டி 45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 40. சேர்கிற வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலேயே பள்ளியில் சேர்த்துவிடப்பட்ட பிள்ளைகள் சிலர் இந்த ஒரு விதியில் மாட்டி ஒரு வருஷம் வீட்டில் உட்கார நேர்கிறது.

எது நல்லது என்றால், மதிப்பெண்ணும் பணமும் இடம் கொடுக்கும்வரை பி.எஸ்சி. மேலே எம்.எஸ்சி. போக, கற்பித்தல் பணிக்குப் போக, வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்க எல்லாவற்றுக்கும் அது நேர்வழி. எய்ம்ஸ் மருத்துவமனைகள் நடத்தும் நார்செட் தேர்வை பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்தவர் உடனே எழுதலாம். டிப்ளமோ முடித்தவர் குறைந்தது 50 கட்டில் உள்ள மருத்துவமனையில் 2 வருஷம் வேலை பார்த்த பிறகே எழுதலாம். அதற்காக டிப்ளமோவைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். நோயாளி நிறைந்த அரசு மருத்துவமனையின் நர்சிங் பள்ளியில் டிப்ளமோ முடித்த பெண், காலி வார்டு உள்ள தனியார் கல்லூரியில் பட்டம் வாங்கிய பெண்ணைவிட முதல் நாளே நம்பிக்கையாக ஊசி போடுவாள். பின்னால் 2 வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரியாகவும் ஆகிவிடலாம்.

இந்த மூன்றும் இல்லாத நான்காவது ஒன்று இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில், பத்தாவது பாஸோ ஃபெயிலோ பரவாயில்லை, ஆறு மாதத்தில் அல்லது ஒரு வருஷத்தில் 'நர்சிங் டிப்ளமோ', உடனே வேலை என்று பேனர் கட்டியிருப்பார்கள். வெள்ளைச் சீருடை, தொப்பி, பட்டமளிப்பு விழா எல்லாம் உண்டு. சான்றிதழும் தருவார்கள். அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்து தமிழ்நாடு செவிலியர், தாதியர் குழுமத்தில் கொடுத்தால் பதிவு கிடைக்காது. பதிவு எண் இல்லாதவர் சட்டப்படி செவிலியர் அல்ல. எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் அரசு வேலை கிடையாது, வெளிநாடு கிடையாது, நல்ல மருத்துவமனையில் நிரந்தரம் கிடையாது. உதவியாளராக வேலை பார்ப்பது கௌரவமான தொழில்தான், அதற்கென்று முறையான குறுகிய பயிற்சிகளும் இருக்கின்றன. உதவியாளர் பயிற்சியை நர்ஸ் படிப்பு என்று சொல்லி விற்பதைத்தான் நான் சொல்கிறேன். அதில் ஏமாறுவது பெரும்பாலும் முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற வீட்டுப் பெண்கள். சேர்வதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "முடித்ததும் மாநிலக் குழுமத்தில் செவிலியர், தாதியர் பதிவு (ஆர்.என்., ஆர்.எம்.) கிடைக்குமா? போன வருஷம் முடித்த ஒருவருடைய பதிவைக் காட்டுங்கள்." நேர்மையான இடம் உடனே காட்டும். பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு வகை ஏமாற்றும் உண்டு. வெளி மாநிலக் கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட், "கிளாஸுக்குப் போக வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் போனால் போதும்" என்பார். பி.எஸ்சி. விதிப்படி தேர்வு எழுத வகுப்பிலும் செய்முறையிலும் தனித்தனியே 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் வாங்குவதற்குள் வார்டுப் பயிற்சி நேரத்தை 100 சதவீதமும் முடித்திருக்க வேண்டும். வார்டுக்கே போகாமல் வாங்குகிற பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றால் ஆபத்து அவளுக்கு மட்டுமல்ல.

சரி, கட்டில் விஷயத்துக்கு வருவோம். பி.எஸ்சி. நடத்தும் கல்லூரிக்குக் குறைந்தது 100 கட்டில் உள்ள தாய் மருத்துவமனை இருக்க வேண்டும் என்பது கவுன்சிலின் பொது விதி. ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதமும், கட்டில்களில் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும் என்பதும் எதிர்பார்ப்பு. ஆய்வுக் குழு வருகிற அன்று வார்டு நிரம்பியிருக்கும். நீங்கள் போக வேண்டியது சொல்லாமல் கொள்ளாமல், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. கல்லூரி அலுவலகத்துக்குள் நுழையாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். புறநோயாளிகள் வரிசை எவ்வளவு நீளம்? மருந்துக் கடையில் கூட்டம் இருக்கிறதா? பிரசவ வார்டுக்கு வெளியே ஃபிளாஸ்க்கும் பையுமாக மாமியார்கள் உட்கார்ந்திருக்கிறார்களா? அந்தப் பெஞ்சு காலியாக இருந்தால் அந்தக் கல்லூரியில் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொள்ள முடியாது.

சில கல்லூரிகள் தங்கள் ஆஸ்பத்திரியில் ஆளில்லாததால் மாணவிகளைப் பஸ்ஸில் ஏற்றி மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அனுப்பும். இது தவறில்லை, மனநலப் பிரிவுக்கும் குழந்தைகள் பிரிவுக்கும் பெரிய கல்லூரிகளே வெளியே அனுப்புகின்றன. 1794-ல் தொடங்கி இப்போது கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மனநல மருத்துவமனையிலும், எழும்பூர் தாய்சேய் மருத்துவமனையிலும் போஸ்டிங் பார்த்த பிள்ளைகளுக்கு அது வாழ்நாளுக்கும் போதுமான பயிற்சி. கேட்க வேண்டியது வேறு: ஒரே நாளில் ஒரே வார்டுக்கு எத்தனை கல்லூரிகள் வருகின்றன? ஒரு கட்டிலைச் சுற்றி பதினைந்து பேர் நின்றால் முன்வரிசையில் நிற்கும் இரண்டு பேருக்குத்தான் கேனுலா தெரியும். உடன் வருகிற ஆசிரியை வார்டிலேயே நின்று சொல்லித்தருகிறாரா, கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொள்கிறாரா? இதையெல்லாம் முதல்வர் அறையில் கேட்டால் பதில் கிடைக்காது. கேன்டீனில் மூன்றாம் வருஷ மாணவி யாரையாவது பிடித்து, "பாப்பா, இதுவரைக்கும் எத்தனை பிரசவம் கையால பார்த்திருக்கே?" என்று கேளுங்கள். "லாக்புக்ல எழுதியிருக்கோம் ஆன்ட்டி" என்று சொல்லிச் சிரித்தால் புரிந்துகொள்ளுங்கள்.

இடம் கிடைக்கும் வழி பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ அறிவியல் மதிப்பெண்ணை வைத்து, கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு தரவரிசைப்படுத்தி கவுன்சலிங் நடத்துகிறது. அரசுக் கல்லூரி இடங்களோடு, தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் இதில் வரும்: சிறுபான்மை அல்லாத கல்லூரிகளில் 65 சதவீதம், சிறுபான்மைக் கல்லூரிகளில் 50. ஆகவே கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்காமல் நேரே மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் பணம் கட்டுவது அவசரபுத்தி. அதே கல்லூரியில் அதே இடம் அரசு நிர்ணயித்த கட்டணத்தில் கிடைத்திருக்கலாம். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் வாங்கிவையுங்கள். வேலூர் சி.எம்.சி.க்கு விண்ணப்பம் தனி. இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் 1946-ல் தொடங்கிய இரண்டு இடங்களில் ஒன்று அது. கிடைத்தால் யோசிக்காமல் போகலாம். நீட் எழுதிய பெண்கள் புதுச்சேரி ஜிப்மரையும் ராணுவ நர்சிங் சேவையையும் மறக்க வேண்டாம். ராணுவத்தில் படிப்பு அரசுச் செலவில், முடித்ததும் லெப்டினன்ட். ஒப்பந்த விதிகளை மட்டும் முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். நர்சிங்குக்கு ஆண்கள் வரலாமா என்று இன்னும் தயங்கிக் கேட்கிறார்கள், தாராளமாக வரலாம். அவசர சிகிச்சைப் பிரிவும் எலும்பு முறிவுப் பிரிவும் ஆண் செவிலியரைத் தேடுகின்றன. ஆனால் எய்ம்ஸ் தேர்வில் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 20 என்ற விகிதம் இருப்பதையும், சில அரசு டிப்ளமோ இடங்கள் பெண்களுக்கு மட்டும் என்பதையும் தெரிந்துகொண்டு வாருங்கள்.

சேர்ந்தாகிவிட்டது. முதல் வருஷம் அழுகிற பிள்ளைகள் இரண்டு காரணத்துக்கு அழுவார்கள். ஒன்று, ஆங்கிலம். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு உடற்கூறியல் புத்தகம் முதல் மாதம் சுவர் மாதிரி நிற்கும். இது ஆறு மாதப் பிரச்சினைதான். பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, வார்டில் கேஸ் ஷீட்டில் கண்ட ஒவ்வொரு சொல்லையும் சுருக்கக் குறியீட்டையும் எழுதி, அன்று இரவே பொருள் பார்த்துவிடுகிற பிள்ளை இரண்டாம் பருவத்தில் மற்றவர்களுக்குச் சொல்லித்தருகிறது. கோச்சிங் எல்லாம் வேண்டாம்.

இன்னொன்று, உடம்பு சார்ந்த வேலை. ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுகிறவர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அநேகமாக எல்லோருக்கும் பழகிவிடும். காலையில் சாப்பிடாமல் போஸ்டிங் போவதுதான் பாதி மயக்கத்துக்குக் காரணம். ஆனால் முன்பின் தெரியாத ஒரு தாத்தாவுக்கு மலம் துடைத்துவிட மனம் ஒப்பவே ஒப்பாது என்றால், அதைப் பெற்றோர் மதிக்க வேண்டும். அது குறையில்லை, அந்தப் பிள்ளைக்கு வேறு தொழில் இருக்கிறது. மதிப்பெண் குறைவு, வேறு எதுவும் கிடைக்கவில்லை, வெளிநாட்டுச் சம்பளம் என்ற மூன்று காரணத்துக்காக மட்டும் தள்ளிவிடப்பட்டவர்கள் இரண்டாம் வருஷத்தில் நின்றுபோவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"கணக்கு வராது, அதனாலதான் நர்சிங்" என்பவர்களுக்கு ஒரு தகவல். 500 மில்லி சலைன், 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், கையில் இருப்பது மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிஷத்தால் வகுத்தால் சுமார் 42. இதை வார்டில் நின்றபடி, பக்கத்துக் கட்டில் நோயாளி கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போட வேண்டும். இன்சுலின் இன்னும் கவனம் கேட்கிறது. நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் 100 யூனிட் உள்ளதும் இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. சிவப்பு மூடி ஊசி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 20 கோடுவரை இழுத்தால் நோயாளிக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி அவர் நினைவிழப்பார். டோபமின், டோபியூட்டமின் என்று பெயரிலேயே குழப்பும் மருந்துகள் வேறு. பள்ளிக் கணக்கில் பெருக்கல், வகுத்தல், விகிதம் இந்த மூன்றையும் சேர்வதற்கு முன் விடுமுறையில் ஒருமுறை தூசு தட்டி வைத்துக்கொள்வது நல்லது.

முதல் போஸ்டிங்குக்கு முன்பே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. முடித்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்புச்சக்தி வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கல்லூரியே போடுவதுதான் முறை. போடவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். கையில் ஊசி குத்திவிட்டால் திட்டு வாங்குவோம் என்று மறைக்கிற மாணவிகள் உண்டு. உடனே சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அந்த நேரமே வார்டு சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் பலன் தரும். 72 மணி நேரம் தாண்டினால் தொடங்கிப் பயனில்லை.

எட்டாவது பருவம் முழுக்க இன்டர்ன்ஷிப். இதைச் சம்பளமில்லாத வேலை என்று முகம் சுளித்துக் கழிப்பவர்களும் இருக்கிறார்கள். நைட் டியூட்டி, ஷிஃப்ட் மாறும்போது நோயாளியை ஒப்படைப்பது, டாக்டரிடம் போனில் மூன்று வரியில் நிலைமை சொல்வது எல்லாம் அங்கேதான் கைவரும். முடித்ததும் முதல் வேலை மாநிலக் குழுமத்தில் பதிவு. கல்லூரி மூலமாக விண்ணப்பம் போகும் என்று விட்டுவிடாமல் நீங்களே துரத்துங்கள். 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரியோ மருத்துவமனையோ பிடித்துவைத்துக்கொண்டு, இரண்டு வருஷம் இங்கேயே வேலை பார்த்தால் தருகிறோம் என்றால் அது முறையல்ல. அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு தெளிவாகவே சொல்லியிருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்தைப் பூசி மெழுகுவதில் அர்த்தமில்லை. எய்ம்ஸில் நர்சிங் ஆபீசராகச் சேர்ந்தால் அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். தமிழக அரசில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக நுழைகிறவர்கள் பெரும்பாலும் தொகுப்பூதியத்தில் தொடங்கி, நிரந்தரத்துக்குப் பல வருஷம் காத்திருக்கிறார்கள். அதற்காகத் தெருவில் இறங்கிப் போராடியும் இருக்கிறார்கள். தனியாரில் நிலைமை இன்னும் மோசம். உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்ட பிறகு மத்திய அரசு அமைத்த குழு, 50 கட்டிலுக்குக் குறைந்த மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 கட்டிலுக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்கு இணையாக என்று பரிந்துரைத்தது. சின்ன ஊர் நர்சிங் ஹோம் பலவற்றில் இன்றும் அந்தத் தொகை கனவுதான். ஆகவே மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் பல லட்சம் கடன் வாங்கும் முன், அந்தக் கடனின் மாதத் தவணையையும் முதல் இரண்டு வருஷச் சம்பளத்தையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். தாள் ஒத்துவரவில்லை என்றால் டிப்ளமோவை மறுபரிசீலனை செய்யுங்கள். முதல் வேலையில் ஆயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று பத்துக் கட்டில் கிளினிக்குக்குப் போகாமல், குறைந்தாலும் பெரிய மருத்துவமனையில் ஐ.சி.யூ.விலோ டயாலிசிஸிலோ பிரசவ வார்டிலோ 2 வருஷம் நில்லுங்கள். அங்கேதான் அடுத்த சம்பளம் முடிவாகிறது.

வெளிநாடு போக நினைப்பவர்களும் முதலில் அந்த 2 வருஷத்தை முடிக்க வேண்டும். வளைகுடா நாடுகள் பெரும்பாலும் அதைக் கேட்கின்றன, இடையில் வேலையில்லாத இடைவெளியையும் தோண்டுகின்றன. பிரிட்டனுக்குக் கணினித் தேர்வு, பிறகு அங்கே போய்ச் செய்முறைத் தேர்வு. அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ். ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியில் நல்ல தேர்ச்சி. பிரிட்டனுக்கு ஆங்கிலத்தில் ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுவதானால் வாசிப்பு, கேட்டல், பேச்சில் 7-ம் எழுத்தில் 6.5-ம் வேண்டும். மருத்துவச் சூழலிலேயே கேள்வி கேட்கும் ஓ.இ.டி. நம் பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கிறது என்பது என் அனுபவம். இரண்டுமே 2 வருஷத்துக்குத்தான் செல்லும். கல்லூரி முடித்த கையோடு ஆர்வத்தில் எழுதிவிட்டால், அனுபவச் சான்று கைக்கு வரும்போது மதிப்பெண் காலாவதியாகியிருக்கும். வேலையில் ஒன்றரை வருஷம் ஆனபின் எழுதுங்கள். சவூதி, குவைத் போன்ற குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியர்களை அனுப்புவது 2015 முதல் அரசு அங்கீகரித்த முகமைகள் வழியாகத்தான். தமிழ்நாட்டில் அது அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம். ஏஜென்ட் யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் முதலில் அங்கே விசாரித்துவிட்டு அடுத்த போனை எடுங்கள்.